தொடாமல் விழுவது யார்?

எதிரியைத் தொடாமலேயே சாய்த்துவிட முடியும் என்று சொல்லும் ஆசான்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஜப்பானில் அதைக் 'கி' என்பார்கள், சீனாவில் 'சீ' என்பார்கள், நம் பக்கத்தில் பிராண சக்தி, வர்ம சக்தி, நோக்கு வர்மம் என்று பல பெயர்கள். பெயர் எதுவானாலும் ஒரு செய்தி மட்டும் மாறுவதில்லை. விழுகிறவர் அந்த ஆசானுடைய சொந்த மாணவராகவே இருக்கிறார்.

மதுரையில் இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கராத்தே, குங்பூ, சிலம்பம், வர்மம், யோகா எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதிவைத்த பயிற்சிக்கூடங்கள் நகரிலும் சுற்று வட்டாரத்திலும் நிறைய. பள்ளி ஆண்டு விழா என்றால் மாஸ்டர் தம் குழுவோடு வந்துவிடுவார். மேடையில் ஓடு உடையும். ஆணிப் பலகையில் ஒரு மாணவர் படுப்பார். இன்னொருவர் வயிற்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கும். சில இடங்களில் கடைசி அயிட்டமாக மாஸ்டர் உள்ளங்கையை நீட்டுவார். நான்கடி தள்ளி நிற்கும் பையன்கள் மடமடவென்று சரிவார்கள்.

முதல் மூன்றும் உண்மையாகவே நடப்பவை. பள்ளிப் பாடப்புத்தக இயற்பியலே அவற்றுக்குப் போதும். நான்காவது வேறு சாதி. நான்கையும் ஒரே மேடையில், ஒரே மைக்கில், 'உள்சக்தி' என்ற ஒரே விளக்கத்தோடு அடுத்தடுத்து காட்டுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஓடு உடைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அதே வேகத்தில், தொடாமல் விழுந்ததையும் நம்பிவிடுகிறார்கள். ஆகவே இவற்றைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளியாள் வந்தபோது

தொடாமல் வீழ்த்தும் வித்தை வெளியாளிடம் சோதிக்கப்பட்ட சில சந்தர்ப்பங்கள் படமாகவே பதிவாகியிருக்கின்றன. ஜப்பானில் யானகி ரியூகென் என்ற முதியவர், கையை அசைத்தே பத்துப் பதினைந்து மாணவர்களைச் சுருட்டி எறிவதாகக் காட்டிவந்தார். 2006ஆம் ஆண்டு அவரே பந்தயம் வைத்து, பல சண்டைக் கலைகளைக் கலந்து மோதும் கலப்புச் சண்டை வீரரான இவாகுரா கோ என்பவரை எதிர்கொண்டார். கையை அசைத்துப் பார்த்தார். எதிரில் நின்றவர் விழவில்லை. நெருங்கி வந்து முகத்தில் குத்தினார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை. முதல் அடி விழுந்ததும் முதியவரின் முகத்தில் தெரிவது வலியைவிட வியப்பு. அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் அந்த மேடைக்கே வந்திருக்க மாட்டார். தம் வித்தையை அவர் முழுமையாக நம்பியிருந்தார்.

அமெரிக்காவின் ஜார்ஜ் டில்மன் கதை வேறு. அழுத்தப் புள்ளிகளைத் தட்டி மயக்குவதில் பெயர் பெற்றவர், பிறகு தொடாமலே மயக்க முடியும் என்று சொல்லத் தொடங்கினார். நேஷனல் ஜியாக்ரபிக் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, இத்தாலிய வேதியியலாளரும் சந்தேகவாதியுமான லூயிஜி கார்லாஸ்கெல்லி மீது டில்மனின் குழுவினர் அதைச் செய்து பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் கேட்டபோது டில்மன் சொன்ன பதில் பிரசித்தமானது: அந்த மனிதர் துளியும் நம்பாதவர், நாக்கை வாயில் தவறான இடத்தில் வைத்திருந்தாலும் பலிக்காது, ஒரு கால் பெருவிரலைத் தூக்கி மற்றதை அழுத்தி வைத்தாலும் பலிக்காது. இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், கால் கட்டைவிரலைத் தூக்கத் தெரிந்த எவரும் அந்த மாபெரும் சக்தியை முறியடித்துவிடலாம் என்று ஆகிறது.

சீனாவில், மெதுவான அசைவுகளால் பழகும் சண்டைக் கலையான தாய்ச்சியின் ஆசிரியர் வெய் லெய், தம் உள்ளங்கையில் உட்கார்ந்த புறாவைப் பறக்கவிடாமல் உள்விசையால் நிறுத்துவதாகத் தொலைக்காட்சியில் காட்டிப் புகழ் பெற்றார். 2017 ஏப்ரலில் செங்டு நகரில் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவோதொங் அவரை இருபது வினாடிக்குள் வீழ்த்தினார். அதற்குப் பிறகு சூ பட்ட பாடும் தெரிந்துகொள்ள வேண்டியது. மரபை இழிவுபடுத்துகிறார் என்ற கூச்சல் எழுந்தது. வேறொரு தாய்ச்சி ஆசிரியரை அவமதித்த வழக்கில் நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கவும் இழப்பீடு தரவும் சொன்னது. வித்தையைச் சோதிப்பவர்மீது, இனத்தையே சோதிக்கிறார் என்ற பழி விழுவது சீனாவுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

மாணவர்கள் பொய் சொல்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. இதுதான் இந்த விஷயத்தில் மிகவும் சுவையான பகுதி.

எறிதலும் மூட்டு முறுக்கலும் உள்ள கலைகளில், மாணவர் முதலில் கற்பது விழுவதைத்தான். மணிக்கட்டை முறுக்கும்போது எதிர்த்து நின்றால் எலும்பு முறியும். ஆகவே முறுக்கு வரும் திசையிலேயே உடலை விட்டுக்கொடுத்து உருண்டு விழப் பழக்குகிறார்கள். மாதக்கணக்கில் பழகிய உடல், ஆசானின் தோள் அசைவைக் கண்டதுமே முந்திக்கொண்டு விழத் தொடங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுகை குறைகிறது. ஒரு நாள் தொடுகையே இல்லாமல் போகிறது. இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. விழுந்தவரிடம் கேட்டால் 'ஏதோ ஒன்று தள்ளியது' என்று மனமாரச் சொல்வார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர், முன்னால் நின்ற ஐந்து பேர் விழுந்ததைப் பார்த்தவர். தாம் மட்டும் மரம் போல நின்றால் ஆசானுக்கு அவமானம், தமக்கும் 'பக்குவம் போதாது' என்ற பெயர்.

கூட்டத்தின் அழுத்தம் மனிதரை எவ்வளவு வளைக்கும் என்பதை சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அளந்து காட்டினார். கோடுகளில் எது நீளத்தில் ஒத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பதில் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள், ஏற்கெனவே பேசிவைத்தபடி, ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவை அந்தத் தவறான பதிலையே தாமும் சொன்னார்கள். அங்கே ஆசான் இல்லை, பெல்ட் தேர்வு இல்லை, காலில் விழும் வழக்கமும் இல்லை.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. 1784இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, பாரிஸைக் கலக்கிக்கொண்டிருந்த 'உயிர்க் காந்தம்' பற்றி விசாரிக்க ஒரு குழு அமைத்தார். மெஸ்மர் என்ற மருத்துவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மத்தைக் கையசைவால் செலுத்தி நோயாளிகளைத் துடிக்கவும் மயங்கவும் வைத்துக்கொண்டிருந்த காலம். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாசியேவும் குழுவில் இருந்தார்கள். பாஸியில் பிராங்க்ளினின் வீட்டுத் தோட்டத்தில், மெஸ்மரின் சீடர் ஒருவர் ஒரே ஒரு மரத்தில் மட்டும் சக்தியை ஏற்றினார். சக்திக்கு நன்றாக வசப்படுபவன் என்று அவரே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு வயதுப் பையனைக் கண்ணைக் கட்டி, சக்தி ஏற்றாத வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துப் போனார்கள். முதல் மரத்தில் வியர்த்தான். நான்காவது மரத்தில் கைகால் விறைத்து மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் அங்கிருந்து இருபத்து நான்கு அடி தள்ளி இருந்தது. பையன் நடிக்கவில்லை, மயக்கம் உண்மை. மயக்கத்துக்குக் காரணம் மரம் அல்ல, எதிர்பார்ப்பு. ஆண்டு விழா மேடையில் சரியும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரெஞ்சுப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

ஓடும் ஆணியும்

இனி உண்மையில் நடப்பவை. ஓடு, செங்கல், சிமெண்ட் பலகை போன்றவற்றை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து நடுவில் அடிக்கும்போது அடிப்பக்கம் இழுபட்டு விரிகிறது, விரிசல் அங்கேதான் தொடங்குகிறது. அடுக்கும்போது ஓடுகளுக்கு நடுவே சிறு குச்சிகளைச் செருகி இடைவெளி விடுவதைக் கவனித்திருப்பீர்கள். இடைவெளி இருந்தால் ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியாக உடைகின்றன. உடைந்த ஓடும் அடுத்ததன்மேல் விழுந்து கைக்கு உதவுகிறது. குச்சிகளை எடுத்துவிட்டு நெருக்கி அடுக்கச் சொல்லிப் பாருங்கள். மாஸ்டரின் முகம் மாறும்.

இதனால் ஓடு உடைப்பது எளிது என்று ஆகிவிடாது. 1979இல் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் ஆகிய மூவர் கராத்தே அடியை அதிவேகப் படங்களில் பதிந்து அளந்து எழுதினார்கள். மெக்நேர் கறுப்பு பெல்ட் வாங்கியவர், இயற்பியல் முனைவர். பிறகு விண்வெளி வீரரானார், 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்தார். அவர்களுடைய அளவீட்டில், தேர்ந்தவரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. இலக்கில் 3,000 நியூட்டனுக்கு மேல் விசை விழுகிறது. முந்நூறு கிலோ எடையை ஒரு கணம் ஏற்றிவைத்ததற்குச் சமம். இன்னொன்றையும் கண்டார்கள். கை முழுதாக நீளும் இடத்தில் அதன் வேகம் உச்சத்தில் இல்லை. முக்கால் பங்கு நீளும்போதுதான் உச்சம். 'ஓட்டை அடிக்காதே, ஓட்டுக்குக் கீழே இருக்கிற தரையை அடி' என்று மாஸ்டர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது. அவர்களுடைய அனுபவ அறிவு சரியாகவே இருக்கிறது. மைக்கில் சொல்லும் காரணம்தான் தவறு.

சக்தி என்ற கணக்கையே எடுத்துக்கொண்டாலும் மர்மம் மிஞ்சுவதில்லை. முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கை, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 35 ஜூல். காலையில் சாப்பிட்ட ஒரு இட்லியில் இருப்பது ஏறக்குறைய 2 லட்சம் ஜூல். பிரபஞ்சத்திலிருந்து வரவழைக்க வேண்டிய அளவுக்கு உடம்பில் பஞ்சம் இல்லை. அந்த 35 ஜூலையும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள், உள்ளங்கை விளிம்பு அளவு இடத்தில் இறக்குவதுதான் பயிற்சி.

அந்தப் பயிற்சி உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் பன்னிரண்டு கறுப்பு பெல்ட் வீரர்களையும், கராத்தே பழகாத பன்னிரண்டு பேரையும் ஒப்பிட்டார்கள். ஐந்து சென்டிமீட்டர் தொலைவிலிருந்து குத்தச் சொன்னபோது வீரர்களின் விசை அதிகம். அதற்குக் காரணம் தசையின் பருமன் அல்ல. தோளும் மணிக்கட்டும் ஒன்றோடொன்று பிசகாமல் உச்ச வேகத்தை எட்டும் நேர ஒழுங்கு. அந்த ஒழுங்கு, சிறுமூளையின் வெண்பொருள் அமைப்பில் தெரிந்த வேறுபாடுகளோடு ஒத்துப்போனது. வருடக்கணக்கான உழைப்பின் தடம் மூளை ஸ்கேனிலேயே தெரிகிறது என்றால், அதைவிடப் பெரிய பெருமை ஒரு வித்தைக்கு என்ன வேண்டும்?

ஆணிப் பலகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறுபது கிலோ ஆள், முதுகுக்கும் காலுக்கும் அடியில் அறுநூறு ஆணி. ஆணிக்கு நூறு கிராம். தோலைத் துளைக்க அது போதாது. பத்தே ஆணி அடித்த பலகையில் யாரும் படுத்துக் காட்டுவதில்லை. மார்பில் கல்லை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது கல் கனமாக இருக்க இருக்க ஆளுக்கு நல்லது. அடியின் ஆற்றல் கல்லை உடைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. தொண்டையில் ஈட்டி முனையை வைத்து வளைப்பதில், வளைகிற தண்டு எளிதில் வளையக்கூடியது, முனை மழுங்கியது, அது பதிவதும் மார்பெலும்பின் மேல்விளிம்பில். மோட்டார் சைக்கிள் ஏறுவதில் எனக்கு அறிவியல் ஆர்வத்தைவிடக் கோபம்தான் அதிகம். பத்து வயதுக் குழந்தையின் கை விரல்களையும் வயிற்றையும் வைத்துச் சாதனைச் சான்றிதழ் வாங்குவதைப் பெற்றோர் கைதட்டிப் பார்க்கக் கூடாது.

பூக்குழி இறங்குவதை இதில் சேர்க்கவில்லை. அது வேண்டுதல்; அதைச் சண்டைக் கலை என்று மாதக் கட்டணம் வாங்கி யாரும் விற்பதில்லை.

வர்மம்: எது வரை உண்மை?

இங்கே நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் வர்மம் முழுக்கக் கட்டுக்கதை அல்ல. வர்மம் என்பது அடிபட்டால் ஆபத்து என்று மரபு சொல்லும் உடற்புள்ளி. மரபில் 108 வர்மங்கள் எண்ணப்படுகின்றன: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. குமரி மாவட்டத்து ஆசான்களிடம் அடிமுறையும் எலும்பு முறிவு வைத்தியமும், அடிபட்ட வர்மத்தைச் சரிசெய்யும் இளக்கு முறைகளும் ஒன்றாகவே வளர்ந்தன. அடிப்பவரே கட்டும் போடத் தெரிந்தவராக இருந்த சமூகத்தில், உடலில் எங்கே அடித்தால் என்ன ஆகும் என்ற கூர்ந்த கவனிப்பு திரளாமல் இருந்திருக்காது.

இன்றைய உடற்கூறியல் அந்தக் கவனிப்பில் ஒரு பகுதியை உறுதி செய்கிறது. கழுத்தின் பக்கவாட்டில் தலைக்குப் போகும் தமனி பிரியும் இடத்தில் அடி விழுந்தால் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென்று இறங்கி ஆள் மயங்கலாம். தாடை நுனியில் விழும் குத்து தலையைச் சுழற்றி மூளையைக் குலுக்குகிறது. மார்பின் மேல் விழும் அடி, இதயத் துடிப்புச் சுழற்சியின் மிகக் குறுகிய ஒரு நேரத்தில், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே உள்ள இடுக்கில் விழுந்தால், எலும்போ தசையோ சிதையாமலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம். கிரிக்கெட் பந்தோ பேஸ்பால் பந்தோ பட்டு இளம் வீரர்கள் இறந்ததற்கு இதுவே காரணமாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. இவை எல்லாவற்றிலும் அடி உடலில் பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறிப்பிட்ட நாழிகைக்குள் வர்மத்தை இளக்காவிட்டால் ஆள் இறந்துபோவார் என்ற குறிப்பும் வெறும் பயமுறுத்தல் அல்ல என்றே நினைக்கிறேன். தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார். சில மணி நேரத்தில், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே ரத்தம் கட்டி, நினைவிழந்து இறப்பார். மண்ணீரலில் அடிபட்டவருக்கு அது சில நாள் கழித்து வெடிக்கலாம். ஸ்கேன் இல்லாத காலத்தில் இதைப் பார்த்தவர்கள், அடித்த இடத்திலேயே ஒரு தாமதமான சாவு பதுங்கியிருப்பதாகக் கருதியதில் வியப்பில்லை. பார்த்தது சரி, காரணம் வேறு. இன்று அப்படி அடிபட்டவரை இளக்குமுறைக்கு உட்கார வைப்பது ஆபத்து. 108 புள்ளிகளில் எது பாதிக்கப்பட்டது என்று தேடுவதற்கு முன் 108க்கு அழைத்து அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நோக்கு வர்மம் இந்த வரிசையில் சேராது. பார்வையால் ஒருவரை அடக்குவது என்ற எண்ணம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் தலையில் இன்றைய வடிவில் ஏறியதற்கு 2011இல் வந்த ஒரு படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1996இல் வந்த இன்னொரு படம் இரண்டு விரல் வர்மத்தை அதற்கு முன்பே வீடுதோறும் கொண்டுசேர்த்திருந்தது. பௌத்தத் துறவி போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனர்களுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பதும் அதே காற்றில் பரவியதுதான். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, கி.பி. 547ஐ ஒட்டியது, அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்தியர் என்று சொல்லும் குறிப்பும் அடுத்து வருகிறது. ஆனால் அவரைச் சண்டைக் கலையோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஆயிரம் ஆண்டு பிந்தியது. அதன் முன்னுரைகள் போலியானவை என்று சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவோ 1930களிலேயே காட்டிவிட்டார். நம் பெருமைக்கு அது தேவையும் இல்லை.

உடம்பிலிருந்து எதுவுமே வெளியே வருவதில்லையா என்று கேட்கலாம். வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை விடுகிறார். உள்ளங்கையைக் கன்னத்தருகே கொண்டுபோனால் உணரப்படும் 'சக்தி' பெரும்பாலும் அதுதான். இதயத்துக்குக் காந்தப்புலமும் உண்டு. அது பூமியின் காந்தப்புலத்தைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிந்தது; அளப்பதற்கே தனிக் கருவியும் புறக்காந்தத்தைத் தடுக்கும் அறையும் வேண்டும். நான்கடி தள்ளி நிற்கும் அறுபது கிலோ ஆளை அதனால் அசைக்க முடியாது.

ஆசான் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியச் சண்டைக் கலையான ஐகிடோவில் 'வளையாத கை' என்று ஒரு பயிற்சி. கையை விறைத்துக்கொண்டால் எதிராளி முழங்கையில் மடக்கிவிடுகிறார். 'தோளிலிருந்து விரல் நுனி வழியாகத் தண்ணீர் பாய்வதாக நினை' என்று சொன்னால் மடக்க முடிவதில்லை. நடப்பது இதுதான்: விறைக்கும்போது கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன, பாய்வதாக நினைக்கும்போது மடக்கும் தசை ஓய்ந்து, நீட்டும் தசையான முத்தலைத் தசை மட்டும் வேலை செய்கிறது. 'முத்தலைத் தசையை மட்டும் இயக்கு' என்று சொன்னால் எந்த மாணவருக்கும் அது வராது. ஆகவே கற்பிக்கும் உத்தியாகக் 'கி' பயனுள்ளது. அந்த உத்தியைச் சுவரைத் தாண்டிப் பாயும் பொருளாக விற்கும்போதுதான் தகராறு.

சோதிக்க என்ன செலவு?

அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் திட்டத்துக்காக ஒரு சோதனை செய்தாள். கையால் தொடாமலே நோயாளியின் சக்திப் புலத்தை உணர்ந்து சரிசெய்வதாகச் சொன்ன 21 பேரை உட்காரவைத்து, ஓர் அட்டைத் தடுப்பின் ஓட்டை வழியாக இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டி, வந்த பக்கத்துக்கு ஏற்ப ஒரு கைக்கு மேல் தன் கையை வைத்தாள். எந்தக் கைக்கு அருகே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஊகித்தாலே பாதி சரியாக வரும். 280 முயற்சிகளில் அவர்கள் சரியாகச் சொன்னது 123, நூற்றுக்கு 44. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளியானது.

இதை மதுரையில் எந்த மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையிலும் செய்யலாம். ஒரு திரை, ஒரு நாணயம், மாஸ்டருக்கு அறிமுகமில்லாத ஒருவர். தலை விழுந்தால் மாஸ்டர் திரைக்குப் பின்னாலிருந்து சக்தியைச் செலுத்துவார், பூ விழுந்தால் சும்மா நிற்பார். முன்னால் நிற்பவர் ஒவ்வொரு முறையும் 'வந்தது', 'வரவில்லை' என்று எழுத வேண்டும். இருபது முயற்சியில் பதினாறோ அதற்கு மேலோ சரியாக வருவது தற்செயலாக 170 தடவைக்கு ஒரு தடவைதான் நடக்கும். எத்தனை வந்தால் வெற்றி என்று இரு தரப்பும் தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் கால் பெருவிரல் விளக்கங்கள் பின்னால் வரும். கண்ணைக் கட்டுவதாக இருந்தால் துணியை நம்பக் கூடாது. மூக்கின் இரு பக்கத்து இடுக்கு வழியாகக் கீழே பார்ப்பது மிகப் பழைய உத்தி. குழந்தைகளைக் கண்ணைக் கட்டியே படிக்கவைப்பதாகச் சொல்லிச் சில ஆண்டுகளுக்கு முன் பரபரப்பாக ஓடிய 'நடுமூளைத் தூண்டல்' வகுப்புகளின் கண்கட்டு வித்தையைப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் இப்படித்தான் அம்பலப்படுத்தினார்கள்.

சின்னத் தடுப்பு எவ்வளவு பெரிய சக்தியைக் கவிழ்க்கும் என்பதற்கு ஜேம்ஸ் ஹைட்ரிக் நல்ல உதாரணம். சண்டைக் கலை ஆசிரியர். சீன ஆசானிடம் கற்ற மனோசக்தியால் தொலைபேசி டைரக்டரியின் பக்கங்களைப் புரட்டுவதாகக் காட்டிவந்தார். 1981இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மேஜிக் கலைஞரும் சந்தேகவாதியுமான ஜேம்ஸ் ராண்டி அந்தப் புத்தகத்தைச் சுற்றித் தெர்மாகோல் துணுக்குகளைத் தூவிவிட்டார். வாயால் ஊதினால் துணுக்குகள் பறக்கும். அன்றைக்குப் பக்கம் புரளவே இல்லை.

நமக்கும் இதில் சொந்த மரபு உண்டு. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். அவர் 1978இல் மறைந்தபின் கோவை போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். 2009இல் அவரும் காலமானார். பரிசை யாரும் வாங்கவில்லை. 2008 மார்ச்சில் ஒரு மந்திரவாதி, மந்திரத்தாலேயே ஆளைக் கொல்ல முடியும் என்று சொல்லி, நேரடித் தொலைக்காட்சியில் பகுத்தறிவாளர் சனல் இடமருகு மீது பல மணி நேரம் மந்திரம் ஓதினார். இடமருகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சிலம்பத்துக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பின் முனையில் சாயம் ஒற்றி, எதிராளியின் மேலில் பட்ட தடத்தை எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் வழக்கம் அதில் உண்டு. பட்டதா இல்லையா என்பதை வாத்தியாரின் வாய் தீர்மானிப்பதில்லை, சாயம் தீர்மானிக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் நடக்கும் திருவிளையாடல்களில் ஒன்று அங்கம் வெட்டியது. கிழட்டு வாள் ஆசிரியருக்குத் துரோகம் செய்த சித்தன் என்ற மாணவனைத் தண்டிக்க, சொக்கநாதரே அந்த ஆசிரியரின் வடிவில் வருகிறார். வந்தவர் பார்வையால் அவனைச் சாய்க்கவில்லை. வாளெடுத்து, களத்தில் இறங்கி, சண்டை போட்டுத்தான் வென்றார். நெற்றிக்கண் உள்ளவர் அவர்.

இந்த விஷயத்தை விளையாட்டாக விட முடியாமல் செய்வது பெண்களுக்கான தற்காப்பு வகுப்புகள். கல்லூரிகளில் இரண்டு நாள் முகாம் நடத்தி, 'இந்தப் புள்ளியைத் தொட்டால் போதும், எவ்வளவு பெரிய ஆளும் சுருண்டுவிடுவான்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். பழகிய மாணவர் சுருளுவார். செயின் பறிக்க வருகிறவன் அந்த ஆசானிடம் தீட்சை வாங்கியவன் அல்ல. கத்துவது, ஓடுவது, பிடியை உதறுவது, கூட்டம் உள்ள பக்கம் போவது என்ற நான்கையும் வேர்க்க வேர்க்கப் பழக்கும் வகுப்புக்கு மேடையில் கைதட்டல் கிடைக்காது. ஆனால் பணம் கொடுக்கத் தக்கது அதுதான். சேர்வதற்கு முன் மாஸ்டரிடம், முழு பலத்தோடு எதிர்க்கும் ஆளோடு பயிற்சி உண்டா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

சோதனைக்கு அழைக்கும்போது பெரும்பாலும் கிடைக்கும் பதில், உள்சக்தி உயிருக்கு ஆபத்து வரும் நேரத்தில் மட்டுமே எழும், பரிசோதனைக்கு எழாது என்பது. அப்படியானால், போன மாதம் ஆண்டு விழா மேடையில், தலைமையாசிரியரும் பெற்றோரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எட்டாம் வகுப்புப் பையன்கள் எதிரில் நின்றபோது மாஸ்டரின் உயிருக்கு என்ன ஆபத்து வந்தது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.